கையால் எழுது

டத்தோ கிராமாட்
4 மார்ச் 2024

பிரிஸில்லா,

நேற்று மாலை உன் மகள் ஷார்லின் என் வீட்டு கேட் முன்னால் வந்து நின்றாள். எட்டு வருடம் கழித்து அவள் முகத்தைப் பார்க்கிறேன். "மாமா, அம்மாவுக்கு மார்ல கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. அடுத்து ரேடியேஷன் வைக்கப் போறாங்க. அம்மா உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க, நான்தான் வந்தேன்" என்றாள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவள் அழ ஆரம்பித்துவிட்டதால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நின்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

இந்தத் தீவின் ஒரு பக்கம் நீ, மறுபக்கம் நான், நடுவில் ஒரு மலை. அதைத் தாண்டி வந்து சொல்ல, ஆபரேஷன் முடியும் வரை உன் வீட்டில் யாருக்கும் வழி தெரியவில்லை. இருக்கட்டும். இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நான் சொல்லும் வரை கதிர்வீச்சுக்கு ஒப்புக்கொள்ளாதே.

காரணம் நம் தம்பி நாதன். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தள்ளாடியவன். பத்து வயதில் சக்கர நாற்காலி. பதின்மூன்றில் கழுத்தில் கட்டி. மற்றவர்கள் தாங்கிய அதே அளவு கதிர்தான் அவனுக்கும் கொடுத்தார்கள், அவன் வெந்து போனான். வாதம் பிடித்த பிள்ளை, பலவீனம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனுடைய நோயின் பெயர் அன்று இங்கே யாருக்கும் தெரியாது. நான் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள், புத்தகம் ஒன்றில் அவன் கண்களைப் போன்ற கண்களின் படத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பகுதியில் சிவப்பு நூல்கள். அன்று தெரிந்துகொண்டேன்.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ என்ற நூல் இருக்கிறது. கதிர் பட்டால் அது அறுகிறது. நல்ல செல் உடனே வேலையை நிறுத்தும். அறுந்ததைச் சேர்த்துவிட்டுத்தான் மறுபடி படியெடுக்கும். நாதனின் செல்களுக்கு அறுந்தது தெரியவே தெரியாது. அறுந்த நூலையே படியெடுத்துக்கொண்டு போகும், சாகும் வரை.

அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. பிஷப்பிடம் அனுமதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். இருவரிடமும் அந்தப் பழுது ஒவ்வொரு பங்கு இருந்தது, நாதனுக்கு இரண்டு பங்கும் வந்து சேர்ந்தது. உனக்கு ஒரு பங்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இரண்டு பங்கும் வந்து, ஆனால் நோய் மெதுவாக, நடுவயதில் தலைகாட்டுகிறவர்களும் உண்டு. என் பயம் அதுதான்.

பதில் எழுது. இருட்டில் நடக்கும்போது தடுமாறுகிறாயா? கண்ணின் வெள்ளை எப்படி இருக்கிறது? சாப்பிடும்போது சிந்துகிறதா? கையால் எழுது. டைப் செய்யாதே, ஷார்லினை எழுதச் சொல்லாதே. போன் வேண்டாம். நீ அழுவாய், நான் கத்துவேன், காரியம் நடக்காது.

டெரன்ஸ்


பாலிக் புலாவ்
8 மார்ச் 2024

அண்ணனுக்கு,

உங்கள் உத்தரவுப்படி கையால்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகிறது. கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருடமாக "நல்லா இருக்கியா" என்று கேட்காதவர், எடுத்த எடுப்பில் என் கண்ணின் வெள்ளை என்ன நிறம் என்று கேட்கிறீர்கள். சிவப்பாகத்தான் இருக்கிறது. கட்டி இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து வேறெப்படி இருக்கும்? இருட்டில் தடுமாறுகிறேனா என்றால், எங்கள் சந்தில் எல்லோரும் தடுமாறுகிறோம். தெரு விளக்கு கேட்டு மனு கொடுத்து இரண்டு வருடமாகிறது. சாப்பிடும்போது சிந்துகிறது, ஆமாம். இப்போது கொஞ்சம் அதிகமாகவே சிந்துகிறது. குழந்தை மாதிரி கழுத்தில் துண்டு கட்டிவிடட்டுமா என்று ஷார்லினின் அப்பா கேலி செய்கிறார்.

நாதனின் நோயைப் பற்றி இப்போது இவ்வளவு பொறுமையாக எழுதுகிறீர்கள். அன்று அந்தப் பொறுமை எங்கே போனது? ஷார்லினுக்கும் அன்னமேரி அத்தையின் பேரனுக்கும் நிச்சயம். கோயில் மண்டபத்தில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து, "நம்ம ரத்தத்துல பழுது இருக்கு, சொந்தத்துல கட்டாதீங்க" என்றீர்கள். அத்தை வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். சொன்னது சரியாகவே இருக்கட்டும். முந்தின நாள் என் சமையலறையில் வந்து சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். ஷார்லினுக்கு இருபத்தொன்பது வயது. பெண் கேட்டு வருகிறவர்கள் இன்னமும் அந்த மைக்கைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் நஸீஹா நல்ல மனுஷி. கதிர் எங்கே பட வேண்டும் என்று 18ஆம் தேதி அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறார். போவேன்.

பிரிஸில்லா


டத்தோ கிராமாட்
12 மார்ச் 2024

பிரிஸில்லா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கையால் எழுதச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. அது என்னவென்று உனக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீ போய் டாக்டரிடம் சொல்வாய், அவர் சிரிப்பார், நீ அவர் பக்கம் சேர்ந்துகொள்வாய். என்னை நம்பாதவர்களோடு சேர்ந்துகொள்வது நம் குடும்ப வழக்கம்.

மைக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் முதலில் அப்பாவிடம் சொன்னேன். "செத்த பிள்ளையப் பத்திப் பேசாத" என்றார். நிச்சயம் என்று கேள்விப்பட்டதும் அத்தையிடம் போய்ச் சொன்னேன். "எங்கண்ணனுக்கு பிஷப்பே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அவரவிட நீ பெரிய ஆளாலா?" என்று கேட்டார். நம் வீட்டில் குறுக்கே யாரும் பேசாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமென்றால் மைக் தேவைப்படுகிறது.

இருபது வருடம் நான் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். இரண்டு தட்டுகள். ஒன்றில் நல்ல செல்கள். மற்றதில் நாதனுடையதைப் போன்ற செல்கள், வெளிநாட்டிலிருந்து உறையவைத்து வந்தவை. இரண்டுக்கும் ஒரே அளவு கதிர். நல்ல செல்கள் பயந்தது போல வேலையைக் குறைத்துக்கொள்ளும். மற்றத் தட்டில் ஒன்றுமே நடக்காதது போல வேலை ஓடும். புதிதாகப் பார்க்கிறவன் அதுதான் தைரியமான செல் என்று நினைப்பான். சில நாள் கழித்துத் திறந்தால் நல்ல செல்கள் கூட்டம் கூட்டமாக வளர்ந்திருக்கும். மற்றத் தட்டு காலியாக இருக்கும்.

நான் எண்ணிய எண்கள் ஆய்வுக் கட்டுரைகளில் என் பெயர் இல்லாமல் அச்சாயின. என்னிடம் வேலை கற்றவன் எனக்கு மேலதிகாரியாக வந்தான். இன்று ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், அந்தக் காலித் தட்டை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்கள்.

18ஆம் தேதி போகாதே. அந்தக் கதிர்வீச்சு மேசையில் படுக்காதே.

டெரன்ஸ்


பாலிக் புலாவ்
20 மார்ச் 2024

அண்ணே,

போனேன். சட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு அந்த மேசையில் படுத்தேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார்கள். தூக்க முடியாத கையை இரண்டு நர்ஸ்கள் பிடித்து மெல்ல மெல்லக் கொண்டுபோய் வைத்தார்கள். மேசை உள்ளே நகர ஆரம்பித்தது. இன்று வெறும் அளவுதான், வைத்தியம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் உங்கள் காலித் தட்டு கண் முன்னால் வந்துவிட்டது. "நிறுத்துங்க" என்றேன். கழிவறைக்குப் போக வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன்.

ஷார்லினின் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "கல்யாணத்த நிறுத்துனாரு. இப்ப வைத்தியத்தையும் நிறுத்துறாரா உங்கண்ணன்?" என்றார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் இரண்டு கடிதங்களையும் வாங்கிப் படித்தார். மாக் மண்டினில் டப்பா தொழிற்சாலையில் இருந்தவர் அல்லவா, அவருக்குச் சட்டென்று புரிந்தது. "எங்க லைன்ல டப்பா நசுங்குனா செவப்பு பட்டன அமுக்கி நிறுத்துவோம். எடுத்துப் போட்டுட்டு மறுபடி ஓட விடுவோம். நாதனுக்கு அந்த பட்டன் இல்ல, அவ்வளவுதானே?" என்றார். நான் தலையாட்டினேன். "உங்கண்ணனுக்கு பட்டன் இருக்குலா. அமுக்குன கையத்தான் எடுக்கத் தெரியல."

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அண்ணே, நாதன் வெந்து போனான் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் அப்போது யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் இருந்தீர்கள். அடக்கத்துக்குத்தான் வந்தீர்கள். அவன் கழுத்தில் ஒட்டிய துணியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தது நான். அம்மாவால் பார்க்க முடியவில்லை, அறைக்கு வெளியே நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பதினான்கு வயது. துணியோடு தோலும் வரும். அவன் கத்தமாட்டான். "அக்கா, மெதுவா" என்பான். உங்களுக்கு அது புத்தகத்தில் வந்த படம். எனக்கு அந்த வாடை இன்னும் போகவில்லை. அதனால்தான் மேசையிலிருந்து எழுந்து ஓடினேன், உங்கள் படிப்புக்காக இல்லை.

டாக்டர் போன் செய்தார். ரொம்பவும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் செய்ததற்கே பயனில்லாமல் போகலாம் என்கிறார். இந்தப் பக்கம் கட்டி, அந்தப் பக்கம் நாதன். சமையலறை ஓடுகளின் கோட்டில் நேராக நடக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கோப்பை கையிலிருந்து நழுவினால் உடனே எழுந்து மறுபடி நடந்து பார்க்கிறேன். உங்கள் மேசை மேல் இருக்கும் காரணம் என்ன? சொல்லித் தொலையுங்கள்.

பிரிஸில்லா


டத்தோ கிராமாட்
24 மார்ச் 2024, குருத்து ஞாயிறு

பிரிஸில்லா,

சொல்கிறேன். காரணம் உன் கையெழுத்து.

உன் எழுத்து எனக்குத் தெரியும். பள்ளியில் அழகாக எழுதுவதற்குப் பரிசு வாங்கியவள் நீ. இப்போது வந்திருக்கும் கடிதங்களில் எழுத்துகள் கோட்டைவிட்டு இறங்குகின்றன. சுழிகள் மூடவில்லை. 'ண' எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நாதனின் மூன்றாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை உன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கை எழுதியது போல இருந்தது. நீ சிந்துவதாக வேறு எழுதியிருந்தாய். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்த ரொஸ்னாவுக்கு எழுதிக் கேட்டேன். அங்கே எனக்கு இன்னும் பதில் போடுகிறவர் அவர் ஒருவர்தான். ஒரு பங்கு மட்டும் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சைத் தடுப்பது இப்போதெல்லாம் வழக்கமில்லை என்கிறார். அவர்களுடைய செல்களில் ஒரு நல்ல பங்கு மிச்சம் இருக்கிறது, அது பெரும்பாலும் போதும். இரண்டு பங்கும் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நீ எந்தப் பக்கம் என்று சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. நான் அந்த வேலையை விட்டு வந்த பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது. எனக்குத் தெரிந்தது பழைய பாடம்.

போகாதே என்று எழுதியபோது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. போகாமல் இருந்து கட்டி திரும்பி வந்தால் அது நான் செய்த வேலை. போய் நாதனைப் போல ஆனால் அதுவும் நான் தெரிந்தே விட்டதாக ஆகும். பிள்ளைகள் டியூஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பாடத்தை மறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் புண்ணுக்கு மருந்து கட்டியது நீ என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். உன் எழுத்து எப்போதிலிருந்து இப்படி ஆனது?

டெரன்ஸ்


பாலிக் புலாவ்
28 மார்ச் 2024, பெரிய வியாழன்

அண்ணே,

ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து.

கட்டி வலது மார்பில். அக்குளிலும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். தோள் இறுகிப்போய் வலது கையால் பேனாவைக்கூட அழுத்திப் பிடிக்க முடியவில்லை. உங்களுக்கு எழுதியதெல்லாம் இடது கையால். சிந்தியதும் இடது கை, கோப்பையை நழுவவிட்டதும் இடது கை. ஷார்லின் கேட்டில் நின்று சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

'ண' முடியவில்லையாம். இடது கையால் நீங்கள் ஒரு 'ண' போட்டுப் பாருங்கள்.

ஒரு போன் அடித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தெருவில் பார்க்கிறவர்கள்கூட அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கடைசிக் கடிதம் வருவதற்கு முன்பே, திங்கட்கிழமை நானே டாக்டரிடம் போய்விட்டேன். கழிவறைப் பொய்யிலிருந்து நாதன் வரை எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பு நேரம், பாவம், தொண்டை வறண்டிருந்தது அவருக்கு. ஆனால் சிரிக்கவில்லை. அவனுக்கு எந்த வயதில் தள்ளாட்டம், கண் எப்படி, அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டுக்கொண்டே போனார். என்னைக் கோட்டில் நடக்கவிட்டார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். நரம்பு டாக்டரும் வந்து பார்த்தார். நாதனுடைய நோய் இருந்தால் இரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் கூடியிருக்கும் என்று ஒரு சோதனை எடுத்தார்கள். அது சரியாக இருக்கிறது. இரண்டு பங்கு இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை என்கிறார்கள். ஒரு பங்கு இருக்கலாம். அதற்குத் தனியாக இரத்தம் அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர நாளாகும். அதற்காக வைத்தியத்தை நிறுத்தி வைக்க வேண்டாம், தோலைக் கவனித்துக்கொண்டே கொடுப்போம் என்றார்.

"உங்க அண்ணன் கேட்டது சரியான கேள்வி" என்றும் சொன்னார். நாதனைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, வாதம் பிடித்த பிள்ளைக்கும் என் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்காதீர்கள். கேள்வி சரி, பதில் தப்பு.

நேற்று மறுபடி போய் அளவெடுத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். மூடினாலும் அந்தக் காலித் தட்டு தெரிகிறது. டாக்டர் சொல்வது மூளைக்குப் போகிறது, மனதுக்குப் போகமாட்டேன் என்கிறது. அந்தத் தட்டை என் தலைக்குள் வைத்தது நீங்கள். நீங்களே வந்து எடுங்கள். ஏப்ரல் 15, திங்கட்கிழமை காலை, முதல் தடவை. வெளியே உட்கார்ந்திருந்தால் போதும், பேச வேண்டாம். மைக் கிடையாது.

இந்தக் கடைசி வரியை வலது கையால் எழுதிப் பார்க்கிறேன். வலிக்கிறது.

பிரிஸில்லா


ஆஸ்பத்திரி
15 ஏப்ரல் 2024

பிரிஸில்லா,

நீ உள்ளே போய்விட்டாய். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. உன்னைப் படுக்க வைத்துக்கொண்டிருப்பார்கள், கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். வலது கை. எனக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை, அதனால் டியூஷன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதுகிறேன். மேலே நோன்புப் பெருநாளுக்குக் கட்டிய காகிதத்தில் செய்த கெத்துப்பாட் சோற்றுப்பொட்டலத் தோரணம் இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழே வரிசையாக நாற்காலிகள். உன் கணவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

சற்று முன்பு எழுந்து வந்து, "டீ வாங்கியாரவா மச்சான்? சீனி கம்மியா?" என்றார். வேண்டாம் என்றேன். "அன்னைக்கும் பிரியாணி சாப்பிடாமதான் போனீங்க. டீயாவது குடிங்கலா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கேன்டீனுக்குப் போய்விட்டார்.

ஷார்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று கேட்டில் என்னதான் சொல்ல வந்தாய் என்று கேட்டேன். "வலது பக்கம் மாமா, கையத் தூக்க முடியல, அம்மா உங்களத்தான் தேடுறாங்க. அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதான்.

விளக்கு எரிந்துவிட்டது.

இந்த நிமிடம் உன் செல்களில் நூல் அறுந்துகொண்டிருக்கிறது. எனக்கு அது தெரியும், இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் வேறு யாருக்கும் தெரியாது. ஆய்வகத்தில் எத்தனையோ தடவை இப்படிக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். பேசிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டு. உள்ளே இருந்தவை வெறும் தட்டுகள்.

உன் செல்கள் இப்போது நிற்க வேண்டும். நின்று, அறுந்ததைச் சேர்த்துக்கொண்டு, பிறகு கிளம்ப வேண்டும். கிளம்பும். நான் தட்டைப் பற்றி எழுதியபோது பாதிதான் எழுதினேன். நல்ல செல்கள் வளர்ந்திருந்த தட்டும் என் கையில்தான் இருந்தது. நாளாக நாளாக அதில் இடம் போதாமல் போகும். அதை நினைத்துக்கொள். நாளைக்கும் வருகிறேன். நாளை மறுநாளும்.

விளக்கு அணைந்தது. கதவைத் திறக்கிறார்கள். டீ ஆறிப்போய்விட்டது.

எழுத்து கோட்டைவிட்டு இறங்கிக்கொண்டே போகிறது, சுழிகள் மூடவில்லை. வலது கையால்தான் எழுதுகிறேன். இதைப் பார்த்து எதையும் முடிவு கட்டாதே.

அண்ணன்